சாவு வீட்டுத் தண்ணீர்

அந்த அலுவலகத்தில் ஸிஹாமுக்குத் துடைப்பக்காரி என்று பெயர். அவள் பெருக்குகிறவள் அல்ல. தல் லவ்ஸ் ஊருக்குத் தண்ணீர் விடுகிற அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவு இன்ஜினியர். எந்தக் கூட்டத்தில் வாயைத் திறந்தாலும் "இந்தப் பழைய புரோகிராமைச் சுத்தம் பண்ணணும்" என்றுதான் ஆரம்பிப்பாள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன எவரோ வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. இத்தனைக்கும் அவள் மேஜையைப் பார்த்தால் சிரிப்பு வரும். எள்ளு ரொட்டியின் தூள் கீபோர்டு இடுக்கெல்லாம் கிடக்கும், நேற்றைய தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் முந்தாநாள் கோப்பை நிற்கும். "முதல்ல உன் மேஜையைச் சுத்தம் பண்ணு தாயே" என்று கிண்டல் செய்தால், "மேஜை அழுக்கா இருந்தா எவனும் சாக மாட்டான்" என்பாள். வாய் அப்படி. அப்போது அதை வாய்ச் சவடாலாகத்தான் சொன்னாள்.

தல் லவ்ஸில் தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள். ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எண் போட்டு, வரிசையாக முறை விடுவார்கள். முறை வருகிற நாளில் தெருவே துணி துவைக்கும். மாடித் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால்தான் மனுஷனுக்கு மூச்சே வரும். எந்தப் பகுதிக்கு எவ்வளவு நேரம், எதைத் திறப்பது, எதை மூடுவது என்பதையெல்லாம் கணக்குப் போட்டு வால்வுகளை இயக்குவது அந்தப் புரோகிராம்தான். அதை முதலில் எழுதியவர் ஜிர்யிஸ் என்று ஒரு மனிதர். எழுதி முடித்துவிட்டு, ஓய்வு பெற்று, செத்தும் போய்விட்டார். அவருக்குப் பிறகு ஏழெட்டுப் பேர் கை வைத்தார்கள். அமைச்சரின் மச்சான் வீட்டுக்கு இரண்டு மணி நேரம் கூட, நீதிபதி வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு நாள், டைரக்டருடைய மாமனார் தோட்டத்துக்குத் தினமும் கொஞ்சம். ஒவ்வொரு சிபாரிசுக்கும் ஒரு வரி. கல்யாணம் முடிந்து பிள்ளை பிறந்து அது பள்ளிக்கூடம் போன பிறகும் அந்த வரியை எடுத்தவர் கிடையாது. எடுப்பதற்கு யாருக்கு நெஞ்சு உண்டு? ஒன்றை எடுத்தால் இன்னொன்று இடித்துக்கொள்ளும்.

அந்த வரிகளில் ஒன்று மட்டும் நல்ல மனசோடு எழுதப்பட்டது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மூன்று நாள் ஆள் வந்தபடி இருக்கும். காபிக் கோப்பை கழுவக்கூடத் தண்ணீர் இல்லை என்றால் எவ்வளவு அவமானம்! அதனால் யாராவது போன் செய்து சொன்னால், அந்தப் பகுதிக்கு மூன்று நாளும் தண்ணீர் திறந்துவிடும்படி ஜிர்யிஸ் எழுதியிருந்தார். அந்தத் தண்ணீரை வரிசையில் அடுத்த எண்ணிடமிருந்து கடனாக எடுத்து, பிறகு திருப்பிக் கொடுத்துவிடும்படியும் எழுதியிருந்தார். நீதிபதி வீட்டுக் கல்யாணத்துக்கு வரி சேர்த்தவன் திருப்பிக் கொடுக்கிற பகுதியின் மேலேயே எழுதித் தொலைத்துவிட்டான். அன்றிலிருந்து எடுத்த தண்ணீர் எடுத்ததுதான்.

அந்த இடத்துக்கு மேலே ஜிர்யிஸ் ஒரு குறிப்பு விட்டிருந்தார். "இங்கே கை வைக்காதே. நான் வைத்தேன்." அவ்வளவுதான். என்ன ஆயிற்று என்று எழுதவில்லை. ஸிஹாம் ஒரு தடவை நகல் எடுத்து, நகலில் அந்தப் பகுதியை மட்டும் நீக்கி ஓட விட்டுப் பார்த்தாள். திரையில் ஊரின் வால்வுகள் ஒவ்வொன்றாக, எண் வரிசை மாறாமல் மூடிக்கொண்டே போயின. யாரோ வீட்டுக்குள் நடந்துபோய் அறை அறையாக விளக்கை அணைப்பது மாதிரி இருந்தது. அவள் அவசரமாக நிறுத்திவிட்டாள். 

இதையெல்லாம் டைரக்டர் அபூ லைத்திடம் சொல்லாமல் இல்லை. படம் போட்டு, அம்புக்குறி போட்டு, முக்கால் மணி நேரம் பேசினாள். அவர் நல்ல மனுஷன்தான், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் டெலிபோன் மணி என்றால் அவருக்குச் சிம்ம சொப்பனம்.

"இப்போ தண்ணி வருதா இல்லையா?" என்றார்.

"வருது."

"வருதுல்ல? அப்புறம் ஏன்மா தூங்குற பாம்பை வாலைப் பிடிச்சு இழுக்குற?"

"ரெண்டு மாசம், ரெண்டு ஆளு. அதுவரைக்கும் புரோகிராமை நிறுத்திட்டு வால்வு திருப்புற அவ்வாத் ஆளுங்க கையால திறக்கட்டும். அவ்வளவுதான் கேக்கறேன்."

"ரெண்டு மாசம் கையால திறந்தா அமைச்சரோட மச்சான் முதல் நாளே என் கழுத்துல உக்காந்துடுவாரு. போ, போய் ரொட்டியைத் தின்னு."

அந்த ஆகஸ்டில் வெயில் கொளுத்தியது. ஒரு நாள் காலையில் அவ்வாத் அவள் மேஜைக்கு வந்து நின்றான். மோட்டார் இல்லாத வால்வுகளை நீள இரும்புச் சாவியால் திருப்புகிறவன்; ஊரில் அவன் போகாத சந்து கிடையாது, அவன் நம்பாத பேயும் கிடையாது.

"இன்ஜினியரம்மா, நான் பன்னெண்டாம் பகுதிக்குப் போகமாட்டேன்."

"ஏன், அங்க உனக்குக் கடன் குடுத்தவன் இருக்கானா?"

"சிரிக்காதீங்க. ஒன்பதுல சாவுப் பந்தல் போட்டாங்க. அப்புறம் பத்துல. அப்புறம் பதினொண்ணுல. இப்போ பன்னெண்டுல. யாரோ எண்ணிக்கிட்டே போறாங்க. ஜின்னு வேலை இது. எனக்குப் பிள்ளைங்க இருக்கு."

அவள் சிரித்துத்தான் அனுப்பினாள். அவன் போன பிறகு ஒன்பது, பத்து, பதினொன்று என்று தானாக வாய் முணுமுணுத்தது. பதிவுகளை எடுத்துப் பார்த்தாள், ஆட்களை விசாரித்தாள். ஒன்பதில் ஒரு கிழவி மாரடைப்பில் போயிருந்தாள். அது அவள் விதி என்று விடலாம். துக்க வீட்டுத் தண்ணீர் பத்தாம் பகுதியின் முறையை விழுங்கியது. இரண்டு வாரம் வறண்ட பத்தாம் பகுதியில் ஒருவர் மூன்று மாடிக்குக் கேன் கேனாகத் தண்ணீர் சுமந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவருடைய துக்கத்துக்குப் போன தண்ணீர் பதினொன்றினுடையது. அங்கே தொட்டியில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்க ஏணி ஏறிய ஒருவர் விழுந்தார். பன்னிரண்டில் வெயில் தாங்காத ஒரு முதியவர். ஒரு சாவின் தண்ணீர் அடுத்த சாவைச் செய்துகொண்டு போனது. அதற்கு ஜின் எதற்கு?

இப்போது பதின்மூன்று வறண்டு கிடந்தது. அதற்கு அடுத்த பதினாலில் அவளுடைய அப்பா இருந்தார்.

ஹாஜி ஸுப்ஹி. மனைவி போன பிறகு தனியாக, மாடியில் புறாக் கூட்டம் வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு நாலு தடவை இரும்பு ஏணியில் ஏறி இறங்குகிற எழுபத்தைந்து வயசுக்காரர். ஏணியின் பக்கம் போகாதீர்கள் என்று சொன்னால், "உங்க அம்மாவே சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சா" என்பார். ஸிஹாம் எழுந்தாள். நேராக டைரக்டர் அறைக்குப் போனாள்.

அபூ லைத் எப்போதும்போல் காபி வரவழைத்தார். அவள் கோப்பையை வாங்கி, உதட்டில் வைக்காமல், மேஜையில் அவர் எதிரே வைத்தாள். அந்த மண்ணில் அதற்கு அர்த்தம் என்ன என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும்: கேட்டது கிடைக்காமல் குடிக்க மாட்டேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம் சிரித்துச் சமாளித்தார்.

"என்னம்மா இது, பொண்ணு கேட்டு வந்த மாதிரி? பின்னாடி உறவுக்காரங்க யாராவது நிக்கறாங்களா?"

"பொண்ணு வேண்டாம். ரெண்டு மாசம் குடுங்க."

அவள் நான்கு பகுதிகளையும் வரிசையாகச் சொன்னாள். அவர் கேட்டார், தாடையைத் தடவினார், ஜன்னலைப் பார்த்தார்.

"ஆகஸ்ட் மாசம் வயசானவங்க போறது புதுசா? ஆண்டவன் எழுதினதுக்கு நீ என் புரோகிராமைக் குத்தம் சொல்ற."

"ஆண்டவன் பகுதி எண் பாத்தா எழுதறான், அபூ லைத்?"

"வாயை அடக்கு. குடி. பெருநாள் முடியட்டும், பார்ப்போம்."

"'பார்ப்போம்'னு சொன்ன வீட்ல எங்க வீட்டு ஆளுங்க காபி குடிச்சதில்ல." எழுந்து வந்துவிட்டாள். நெருக்கிப் பிடித்தபோது அவர் உண்மையான காரணத்தையும் சொல்லிவிட்டிருந்தார்: சுத்தம் செய்ய ஆரம்பித்தால் அந்தந்தச் சிபாரிசு யாருடையது என்று எல்லாம் வெளியே வரும், அவருடைய மாமனார் தோட்டமும் வரும். தோட்டத்துப் பீச் மரங்களுக்காக மனிதர்கள் ஏணியிலிருந்து விழலாம் போலிருக்கிறது. என்ன நியாயமோ!

வியாழக்கிழமை பதின்மூன்றில் பந்தல் போட்டார்கள்.

அன்று சாயங்காலமே ஸிஹாம் அப்பாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள். உண்மையைச் சொன்னால் வருவாரா? பிள்ளைகள் தாத்தா வேண்டும் என்று அழுகின்றன என்று பொய் சொன்னாள். பிள்ளைகள் வாசலில் அவரைப் பார்த்து "நீங்க எப்ப வந்தீங்க?" என்று கேட்டு மானத்தை வாங்கின.

"புறா என்ன ஆவும்?" என்றார் ஹாஜி ஸுப்ஹி, உட்காருவதற்கு முன்பே.

"ஒரு வாரம்ப்பா. ஒண்ணும் ஆவாது."

"தண்ணி வைக்கணும்ல? தொட்டி வேற காய்ஞ்சு கிடக்கு."

"எவனாவது வைப்பான். நீங்க உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. அந்த வாரம் முழுக்கத் தினமும் காலையில் எழுந்ததும் அவர் அறையை எட்டிப் பார்த்து, குறட்டைச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் பல் தேய்க்கப் போனாள். ஏமாற்றிவிட்டோம் என்று நினைத்தாள். யாரை ஏமாற்றினோம் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

ஆறாம் நாள் அலுவலகத்தில் இருக்கும்போது அப்பா போன் செய்தார். 

"கண்ணு, அபூ மாஹிர் போயிட்டான்."

பக்கத்து வீட்டுக்காரர். அப்பாவோடு முப்பது வருஷம் சீட்டு விளையாடியவர். ஸிஹாம் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்து, விழுந்ததும் கைதட்டிச் சிரித்தவர்.

"எப்படிப்பா?"

"நம்ம ஏணியில. நான்தான் சாவியைக் குடுத்துட்டு வந்தேன், புறாவுக்குத் தண்ணி வைடான்னு. வாளியைத் தூக்கிட்டு ஏறியிருக்கான். எவனாவது வைப்பான்னு நீ சொன்னியே, அவன்கிட்டதான் சொன்னேன்."

அவள் போனைக் காதில் வைத்தபடியே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பதினாலாம் பகுதியில் அன்றே பந்தல் எழுந்தது. பெண்கள் பக்கம் அபூ மாஹிரின் மனைவி உம் மாஹிர் கறுப்பு உடையில், கண்ணீர் வற்றிப்போய் உட்கார்ந்திருந்தாள். ஸிஹாமைப் பார்த்ததும் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். மேலே மாடித் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டபடி இருந்தது. தெருவிலே எல்லாத் தொட்டியும் நிரம்பிக்கொண்டிருந்தது.

"கேக்குதா? எப்படி வருது பாரு," என்றாள் உம் மாஹிர். "அவரு மேல போனதும் குழாய் முதல்ல முனகுச்சு. காத்து வரும்ல, அந்த மாதிரி. அப்புறம் தண்ணி கொட்டுச்சு. நான் முற்றத்துல நின்னு கத்தறேன், 'யோவ், தண்ணி வந்திடுச்சு, வாளி வேண்டாம், இறங்கி வா'ன்னு. பதிலே இல்ல. சுவர் அந்தப் பக்கம் போய்ப் பாத்தா..." அவள் வாயைத் துணியால் பொத்திக்கொண்டாள். கொஞ்சம் கழித்து, "உன் வேலைதானே அது? எங்க துக்கத்துக்குத் தண்ணி விட்டது? ஆண்டவன் உன் கையை நல்லா வைக்கட்டும்மா," என்றாள்.

ஸிஹாம் தொட்டிப் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். அவர் ஏணியில் இருந்தபோதே தண்ணீர் வந்துவிட்டது என்றால், துக்கம் என்று போன் செய்தது யார்?

மறுநாள் அலுவலகத்தில் முதல் வேலையாகப் போன் எடுக்கிற பெண்ணைக் கேட்டாள். பதினாலிலிருந்து யாரும் கூப்பிடவே இல்லை என்று அவள் சத்தியம் செய்தாள். ஸிஹாம் திரையைத் திறந்தாள். பதினாலுக்கு நேரே துக்கம் என்று குறித்திருந்தது. குறித்தவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. குறித்த நேரம் முந்தின நாள் விடியற்காலை. அபூ மாஹிர் எழுந்து முகம்கூடக் கழுவியிருக்க மாட்டார். அதற்குக் கீழே, வறண்டு கிடக்கிற பதினைந்துக்கு நேரே, துக்கம் என்ற அதே சொல் ஏற்கனவே வந்திருந்தது. அடுத்த செவ்வாய்க்கான தேதியோடு.

எத்தனை தடவை படித்தாளோ. பிறகு அவ்வாத்தைக் கூப்பிட்டு, "உன் ஆளுங்களை எல்லாம் வரச் சொல்லு. சாவியை எடுத்துக்குங்க. ஊருக்கே கையாலதான் திறக்கப்போறோம். பழைய முறை, வரிசையா, எல்லாருக்கும் ஒரே அளவு. முதல்ல பதினஞ்சு" என்றாள்.

"டைரக்டர் சொன்னாரா?"

"நான் சொல்றேன்."

அவ்வாத் அதற்கு மேல் கேட்கவில்லை. பிஸ்மில்லா சொல்லி வண்டியை எடுத்தான். அவள் புரோகிராமை நிறுத்தினாள்.

மத்தியானத்துக்குள் டெலிபோன் மணி கட்டிடத்தையே தூக்கியது. அமைச்சரின் மச்சான், நீதிபதி, தோட்டம், ஒருவர் பாக்கியில்லை. அபூ லைத் மூச்சிரைக்க அவள் அறைக்குள் வந்தார்.

"பைத்தியம் பிடிச்சிருக்கா உனக்கு? பதினாலுல துக்க வீடு! இன்னும் ரெண்டு நாள் பாக்கி இருக்கு. சாவு வீட்டுத் தண்ணிய நிறுத்தினவன்னு ஊரு என் மூஞ்சியில துப்பும். போடு, இப்பவே போடு அதை!"

ஸிஹாம் எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டாள். ரொட்டித் தூளைக் கையால் தள்ளி, கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்களே போடுங்க. ஒரே பொத்தான்தான். போடறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு வரியை மட்டும் படிச்சிடுங்க."

அவர் கோபத்தோடு குனிந்தார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.

"பதினஞ்சை யார் போட்டது?"

"தெரியல."

"செவ்வாய்க்கிழமைன்னு இருக்கே. இன்னும் வரவே இல்லையேம்மா."

"ஆமா."

அவர் கை பொத்தானுக்கு மேலே போய் நின்றது. அவள் அவரைப் பார்த்தாள். பாவமாகக்கூட இருந்தது. வெளியே மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"பதினஞ்சுல யார் இருக்கா?" என்றார்.

"ஆளுங்க இருக்காங்க," என்றாள் ஸிஹாம்.

அவர் கையை எடுத்துவிட்டார். அடுப்பில் வைத்த கையைப் போல உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே கதவுவரை போனார். திரும்பிப் பார்க்காமல், "ரெண்டு மாசம். ரெண்டு ஆளு. எல்லாத்தையும் எடு," என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "தோட்டத்து வரி..."

"அதையும்தான்."

"சரி. அதையும்," என்று சொல்லிவிட்டுப் போனார். இத்தனை வருஷம் படம் போட்டு, அம்புக்குறி போட்டுக் கேட்டது இப்படித்தான் கிடைத்தது. அவளுக்குச் சந்தோஷம் துளிக்கூட வரவில்லை. சுவர் பக்கம் திரும்பி நின்று, வாயைப் பொத்திக்கொண்டு, சைக்கிள் கற்றுக்கொடுத்த மனிதருக்காக அழுதாள்.

துக்கத்தின் மூன்றாம் நாள் மறுபடி போனாள். முற்றத்தில் கழுவாத காபிக் கோப்பைகள் தாம்பாளம் தாம்பாளமாகக் குவிந்திருந்தன. இரண்டு பெண்கள் பாட்டில் தண்ணீரை ஊற்றி ஒவ்வொன்றாக அலசிக்கொண்டிருந்தார்கள். மாடியில் சத்தம் இல்லை. அபூ மாஹிருக்கு என்று வந்த கூட்டம் வெளியே தெருவரை நின்றது.

உம் மாஹிர் அவளை ஓரமாக அழைத்துப்போனாள். வெட்கத்தோடு, தலையைக் குனிந்துகொண்டு பேசினாள். "சொல்லவே நாக்கு கூசுதும்மா. நேத்திலேர்ந்து தண்ணிய யாரோ நிறுத்திட்டாங்க. அவரு முகத்தை ஆண்டவன் பாக்கட்டும், யாருக்கும் ஒரு கெடுதல் நினைச்சதில்ல அவரு. எங்க மேல யாருக்கு என்ன கோவமோ தெரியல. நீ அங்கதானே இருக்க. உன் பேச்சைக் கேப்பாங்க. யாருன்னு பாத்து ஒரு வார்த்தை சொல்லேன்."

பந்தலுக்குள்ளிருந்து அப்பா எட்டிப் பார்த்தார். "கவலைப்படாதீங்க உம் மாஹிர். என் பொண்ணு பாத்துக்குவா," என்றார்.

ஸிஹாம் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். "சொல்றேன் மாமி," என்றாள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கோப்பைகளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, ஒரு பாட்டிலைத் திறந்தாள்.